டெட்ராய்ட்டில் கைவிடப்பட்ட பேஸ்பால் மைதானம்: போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

"மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன், டெட்ராய்ட் பக்கம். பழைய பேஸ்பால் ஸ்டேடியம் ஒன்று பாழடைந்து கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். உள்ளே போக முடியுமா? பேஸ்பால் தெரியாதவனுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" இதுதான் சார் கேட்டிருந்தது.

உங்களிடம் சொன்னவர் எந்த இடத்தை மனதில் வைத்துச் சொன்னார் என்பதில்தான் சிக்கல். டெட்ராய்ட் பக்கம் அப்படி இரண்டு உண்டு. ஒன்று, ஊரே அழுது வழியனுப்பிய டைகர் ஸ்டேடியம். அதை இடித்துவிட்டார்கள். இன்னொன்று, இருக்கிறது என்பதையே ஊர் மறந்துபோன ஹாம்ட்ராமிக் ஸ்டேடியம். அது இன்றும் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே காரில் கால் மணி நேரம். ஒரே நாளில் இரண்டையும் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

முதலில் டைகர் ஸ்டேடியம். மிச்சிகன் அவென்யூவும் டிரம்புல் அவென்யூவும் சந்திக்கும் இடம். இந்த ஊர்க்காரர்களிடம் "மூலை" என்று சொன்னாலே போதும், வேறு அடையாளம் தேவையில்லை. 1896-லிருந்தே அங்கே பேஸ்பால் நடந்தது. முதலில் மரக் கேலரிகளோடு பென்னட் பார்க். அதைப் பிரித்துவிட்டு இரும்பும் கான்கிரீட்டுமாகக் கட்டிய நேவின் ஃபீல்டு 1912 ஏப்ரல் 20 அன்று திறந்தது. டைட்டானிக் மூழ்கி ஐந்தாவது நாள். அதே தேதியில் பாஸ்டனில் ஃபென்வே பார்க்கும் திறந்தது. ஃபென்வேயில் இன்றும் ஆட்டம் நடக்கிறது, டிக்கெட்டுக்கு அடிதடி. உடன்பிறந்தது மாதிரி பிறந்த இதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1938-ல் பிரிக்ஸ் ஸ்டேடியம், 1961-ல் டைகர் ஸ்டேடியம் என்று பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது.

இப்போது போனால் அங்கே இருப்பது சிறுவர்கள் ஆடுவதற்காகக் கட்டிய ஒரு சின்ன மைதானம், செயற்கைப் புல்லோடு. 2018-ல் திறந்தது. சுற்றிலும் புதிய குடியிருப்புகள். "இதற்கா வந்தோம்?" என்று மகன் கேட்பார். கேட்கட்டும். நீங்கள் நிமிர்ந்து கொடிக்கம்பத்தைப் பாருங்கள். பழைய ஸ்டேடியத்தின் அதே கம்பம்தான், 125 அடி. வேலிக்கு வெளியே நட்ட கம்பம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் ஆட்டம் நடக்கும் பரப்புக்குள்ளேயே நின்றது. பந்து அதில் பட்டுத் தெறித்தாலும் ஆட்டம் நிற்காது, ஓடிப்போய் எடுத்து வீச வேண்டியதுதான். நம் தெருக் கிரிக்கெட்டில் விளக்குக் கம்பத்துக்கு விதி வைத்திருப்போமே, அந்தக் கதை. அந்தப் பக்கம் எல்லைச் சுவர் ஹோம் பிளேட்டிலிருந்து 440 அடி தள்ளி இருந்தது. கம்பத்தில் அடிப்பது என்பதே பெரிய அடி.

ஹோம் பிளேட் என்பது மட்டையாளர் நிற்கும் இடம், நம் கிரீஸ் மாதிரி. தரையில் பதித்த ஐங்கோண வெள்ளைப் பலகை. அதன் முன்னால் இருந்த மண்ணுக்கு ஒரு தனிக் கதை உண்டு. டை காப் என்று ஒரு மட்டையாளர், 1905-லிருந்து 1926 வரை டெட்ராய்ட்டுக்கு ஆடியவர், பந்தை ஓங்கி அடிக்காமல் சும்மா தட்டிவிட்டு ஓடுவதில் கெட்டிக்காரர். மைதான ஊழியர்கள் அந்த இடத்தில் மட்டும் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். தட்டிய பந்து உருளாமல் சேற்றில் நின்றுவிடும், எடுக்க ஓடிவரும் எதிரணிக்காரர் வழுக்குவார். அந்த இடத்துக்குக் "காப் ஏரி" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சேப்பாக்கத்தில் சுழலுக்கு ஏற்றபடி பிட்ச் போடுவதைப் பற்றிப் புகார் வரும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

இன்னொரு நாள், 1939 மே 2. நியூயார்க் யாங்கீஸ் இங்கே ஆட வந்திருந்தது. லூ கெரிக் 2,130 ஆட்டங்கள் ஒன்றுகூட விடாமல் ஆடியவர், பதினான்கு வருடத் தொடர்ச்சி. அன்று மேலாளரிடம் போய், "இன்றைக்கு என்னை விட்டுவிடுங்கள்" என்று தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உடம்பு ஒத்துழைக்கவில்லை, ஏன் என்று அவருக்கே அப்போது தெரியாது. சில வாரங்களில் தெரிந்தது. தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கும் அந்த நோய்க்கு அமெரிக்காவில் இன்றும் அவர் பெயர்தான். இரண்டே வருடத்தில் இறந்துபோனார். அது நடந்த இடம் இந்த மூலை. தொடர்ச்சி முறிந்தது எதிரணி ஊரில், ஆனாலும் அறிவிப்பு வந்ததும் டெட்ராய்ட் கூட்டம் கைதட்டியது.

1999 செப்டம்பர் 27 அன்று கடைசி ஆட்டம். டெட்ராய்ட்டின் டைகர்ஸ் அணி 8-2 என்று ஜெயித்தது. கடைசிப் பெரிய அடி மேல்கூரையில் போய் விழுந்தது. அடுத்த வருடம் அணி நகரத்தின் நடுவே புது ஸ்டேடியத்துக்குக் குடிபோனது, இதற்குப் பூட்டுப் போட்டார்கள். அப்புறம் சுமார் பத்து வருடம் பூட்டியே கிடந்தது. நடுவில் ஒருமுறை சினிமாக்காரர்கள் வந்து பெயிண்ட் அடித்து, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியமாக வேஷம் போட்டுப் படம் எடுத்துப் போனார்கள். காப்பாற்ற ஆளாளுக்குத் திட்டம் கொடுத்தார்கள், பணம்தான் சேரவில்லை. 2008-ல் இடிக்க ஆரம்பித்து 2009 செப்டம்பரில் முடித்தார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. கட்டடம் போய்விட்டது, தரை மட்டும் மிச்சம். கொடிக்கம்பம், சுற்றிலும் வேலி, உள்ளே இடுப்பளவு களை. 2010 மே மாதம், இந்த ஊர் ரசிகர்களுக்குப் பல்லாண்டு வானொலி வர்ணனை செய்த எர்னி ஹார்வெல் காலமானார். அந்தச் சமயத்தில் சில ரசிகர்கள் தங்கள் வீட்டுப் புல் வெட்டும் இயந்திரங்களை எடுத்துக்கொண்டு அங்கே போனார்கள். களையை வெட்டினார்கள், குப்பையைப் பொறுக்கினார்கள், பிட்சர் நின்று பந்து வீசும் மண்மேட்டைத் திரும்பக் கட்டினார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. போலீஸ் வந்து, அத்துமீறி நுழைந்திருக்கிறீர்கள், வெளியே போங்கள் என்றது. போனார்கள், மறுபடி வந்தார்கள். கிட்டத்தட்ட ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், வருடக்கணக்கில்.

நான் முதல்முறை போனது அந்தக் காலத்தில்தான், 2014 கோடை. எனக்கும் அப்போது பேஸ்பாலில் அரிச்சுவடிகூடத் தெரியாது. கூட வேலை பார்த்தவர் இழுத்துக்கொண்டு போனார். ஒரு பெரியவர் பேரனுக்கு மெதுவாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தார். வேலி ஓரத்தில் புல் வெட்டிய ஒருவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு வந்து, "டை காப் ஓடிய தரை இது, ஒரு சுற்று ஓடிப் பார்க்கிறீர்களா?" என்றார். அலுவலகச் செருப்போடு நான்கு பேஸையும் (ஓடுபவர் வரிசையாகத் தொட்டுப் போக வேண்டிய இடங்கள்) சுற்றி ஓடினேன். ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு 90 அடி. பார்க்கச் சின்னதாகத் தெரியும், மூன்றாவதில் மூச்சு வாங்கிவிட்டது. அங்கே கல்யாணம் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். அப்பாவின் அஸ்தியைக் கொண்டுவந்து தூவிப் போனவர்களும் உண்டு.

பிறகு நகரத்தின் சிறுவர் விளையாட்டு அமைப்பு ஒன்று நிதி திரட்டி அந்த இடத்தை மறுபடி மைதானமாக்கியது. ஆனால் போட்டது செயற்கைப் புல். பராமரிப்பு சுலபம், தினமும் பல ஆட்டம் நடத்தலாம், அவர்கள் கணக்கும் தப்பில்லை. புல் வெட்டியவர்களுக்கு மனசு விட்டுப்போயிற்று. அவர்கள் காத்தது அந்த மண்ணையும் புல்லையும்தானே. இயந்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு இடம் தேடிப் போனார்கள். அப்படிப் போய்ச் சேர்ந்த இடம்தான் ஹாம்ட்ராமிக்.

இனி அங்கே போகலாம். ஹாம்ட்ராமிக் (எழுத்தில் கடைசி உயிரெழுத்து இருக்காது, வாயில் வரும்) ஐந்து சதுர கிலோமீட்டர் சொச்சம் உள்ள தனி ஊர். கிட்டத்தட்டச் சுற்றிலும் டெட்ராய்ட் நகரம், நடுவில் தீவு மாதிரி இது. டாட்ஜ் கார்த் தொழிற்சாலைக்காக வந்த போலந்துக்காரர்களின் ஊராக இருந்தது, இப்போது வங்கதேசத்தவரும் ஏமன் நாட்டவரும் நிறைந்த ஊர். கேனிஃப் தெருப் பக்கம் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, அதை உங்கள் மகனே சொல்வார்.

இந்த ஸ்டேடியம் ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். 1880-களின் கடைசியிலிருந்து 1947 வரை கறுப்பினத்தவரைப் பெரிய லீக் பேஸ்பாலில், அதாவது நாட்டின் உச்சநிலைத் தொழில்முறை ஆட்டத்தில், சேர்க்கவே மாட்டார்கள். எழுதி வைத்த விதி கிடையாது, முதலாளிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. அதனால் கறுப்பினத்தவர் 1920-ல் தங்களுக்கென்று நீக்ரோ நேஷனல் லீக் என்ற லீக்கை ஆரம்பித்தார்கள். அன்றைக்கு வைத்த பெயர் அது. டெட்ராய்ட் ஸ்டார்ஸ் அதில் தொடக்கம் முதல் இருந்த அணி.

ஸ்டார்ஸ் முதலில் ஆடியது மேக் பார்க் என்ற இடத்தில். 1929 ஜூலையில் மழைக்குப் பிறகு தரையைக் காயவைக்கப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துவதாக ஏற்பாடு. கேட்கவே வயிற்றைக் கலக்கும், ஆனால் அந்தக் காலத்தில் அது சாதாரண வழக்கம். கேலரிக்கு அடியில் வைத்திருந்த பெட்ரோல் தீப்பிடித்து, கேலரி கூட்டத்தோடு சரிந்தது. நூறு பேருக்கு மேல் காயம். அதற்குப் பிறகு உரிமையாளர் ஜான் ரோசிங்க் ஹாம்ட்ராமிக்கில் புதிதாக ஒன்று கட்டினார். 1930 மே மாதம் திறந்தது. திறப்பு விழாவில் முதல் பந்தை வீச வந்தவர் யார் தெரியுமா? அதே டை காப். ஓய்வு பெற்றிருந்தார். அவரோடு ஒரே லீக்கில் ஆட அனுமதிக்கப்படாதவர்களின் மைதானத்தை அவர் கையால் திறந்து வைத்தார்கள். அடுத்த மாதமே கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணி லாரியில் மின்விளக்குக் கம்பங்களையும் ஜெனரேட்டரையும் ஏற்றிவந்து இங்கே இரவு ஆட்டம் ஆடியது. பெரிய லீக்கில் முதல் இரவு ஆட்டம் 1935-ல்தான்.

இங்கே நீங்கள் ஒருவரைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்றால் அது டர்க்கி ஸ்டேர்ன்ஸ். நாஷ்வில்லில் 1901-ல் பிறந்தவர், 1923-ல் ஸ்டார்ஸில் சேர்ந்தார். இடதுகை மட்டையாளர், ஒல்லி உடம்பு, ஆனால் அடித்தால் வேலிக்கு வெளியே. இரண்டு முழங்கையும் அடித்துக்கொண்டு வான்கோழி மாதிரி ஓடுவார், பெயர் அப்படி வந்தது. மட்டைகளை வயலின் பெட்டிக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவாராம், அவற்றோடு பேசவும் செய்வாராம். இவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்குக் குளிர்காலத்தில் வருமானம் கிடையாது. கார் பாடி செய்யும் தொழிற்சாலையில் கூலிக்கு நின்றார். அந்தத் தொழிற்சாலை வால்டர் பிரிக்ஸுடையது. பிரிக்ஸ் ஸ்டேடியத்தின் பிரிக்ஸ், டைகர்ஸ் அணியின் முதலாளி. தொழிற்சாலையில் இடம் உண்டு, அணியில் இடம் இல்லை. பிரிக்ஸ் 1952-ல் சாகும்வரை டைகர்ஸில் ஒரு கறுப்பினத்தவர்கூட ஆடவில்லை. 1947-ல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரர் பெரிய லீக்கில் ஆடித் தடையை உடைத்துப் பதினோரு வருடம் கழித்து, 1958-ல்தான் அங்கே கதவு திறந்தது. ஸ்டேர்ன்ஸ் அதற்குள் ஐம்பதைத் தாண்டிவிட்டார். டெட்ராய்ட்டிலேயே வாழ்ந்து 1979-ல் இறந்தார். பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2000-ல்.

இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள் என்றேனே, அதற்குக் காரணம் இவர்தான். மூலையில் நின்று கொடிக்கம்பத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், அந்தக் கால் மணி நேரத் தூரத்தை அவர் ஆடிய காலம் முழுக்கத் தாண்ட முடியவில்லை என்பது உறைக்கும்.

சரி, ஸ்டேடியத்துக்கு வருவோம். ஸ்டார்ஸ் அணி சில வருடங்களில் கலைந்தது. மைதானம் ஊர்ச் சொத்தானது, பள்ளிப் பிள்ளைகள் ஆடினார்கள். 1959-ல் சிறுவர்களுக்கான லிட்டில் லீக் உலகத் தொடரை வென்றது இந்தக் குட்டி ஊர்ப் பையன்கள்தான். தொண்ணூறுகளில் கேலரியை மூடிக் கம்பி வேலி போட்டார்கள். நான் அந்த நிலையில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கூரையைத் தாங்கிய இரும்புத் தூண்களில் துரு செதில் செதிலாக எழும்பியிருந்தது, விரல் பட்டால் உதிரும். பலகை இருக்கைகள் பாதி இல்லை. படிகளின் விரிசலில் என் உயரத்துக்கு ஒரு மரக்கன்று. பத்தடி தள்ளி, அதே தரையில், வங்கதேசப் பையன்கள் டேப் சுற்றிய டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் அடித்த பந்து வேலியைத் தாண்டிக் கேலரிக்குள் விழ, இன்னொருத்தன் பழக்கப்பட்ட இடைவெளி வழியாக நுழைந்து எடுத்து வந்தான். ஸ்டேர்ன்ஸ் யார் என்று கேட்டேன். தெரியாது என்றார்கள். எனக்கே அந்த வாரம்தான் தெரியும்.

என் கணிப்பு ஒன்று. யாரும் கண்டுகொள்ளாததால்தான் இது பிழைத்தது. மூலையில் இருந்த நிலத்துக்கு விலை இருந்தது, ஆளாளுக்கு ஆசை இருந்தது. ஹாம்ட்ராமிக் பூங்காவுக்குள் கிடந்த இந்தத் துருப்பிடித்த கேலரியை இடிக்கவேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. 2012-ல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. புல் வெட்டும் குழு வந்து தரையைச் சீராக்கியது, மைதானத்துக்கு ஸ்டேர்ன்ஸ் பெயர் வைத்தார்கள், கேலரியைப் பழுதுபார்த்து 2022 ஜூனில் திறந்தார்கள். நீக்ரோ லீக் அணிகள் தாயகமாக வைத்து ஆடிய ஸ்டேடியங்களில் நாடு முழுக்க இன்று மிஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணும் அளவுதான், அதில் இது ஒன்று. 2020 டிசம்பரில் அந்தப் பழைய லீக்குகளையும் பெரிய லீக் என்றே அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டார்கள். தொண்ணூறு வருடம் தாமதம், ஆனாலும் இந்தத் தரை இப்போது கணக்குப்படி பெரிய லீக் மைதானம்.

ஆக, பாழடைந்து கிடக்கும் நிலையைப் பார்க்கத்தான் ஆசை என்றால் இரண்டு வருடமாவது பிந்திவிட்டீர்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. இடிபாட்டைப் படம் எடுக்கவே டெட்ராய்ட்டுக்கு ஒரு கூட்டம் வந்துபோய்க்கொண்டிருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்காது. நம் வீட்டு இழவைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

போவதற்கு வழி. ஹாம்ட்ராமிக் ஸ்டேடியம் டான் தெருவில், வெட்டரன்ஸ் மெமோரியல் பூங்காவுக்குள் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை போங்கள். நவம்பருக்குப் பிறகு தரையே தெரியாது, பனிதான். ஆட்டமோ நிகழ்ச்சியோ இருக்கிற நாளாகப் பார்த்துப் போனால் கேலரியில் உட்காரலாம். இல்லாத நாளில் கதவு பூட்டியிருந்தால் வேலி ஏறாதீர்கள். இங்கே "அத்துமீறி நுழையாதே" பலகைக்கு அர்த்தம் உண்டு, விசிட்டர் விசாவில் வந்தவர் போலீஸிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. வெளியிலிருந்தே கேலரியும் மைதானமும் தெரியும், நினைவுப் பலகையும் வெளியே இருக்கிறது. புல் வெட்டுபவர்கள் யாராவது கண்ணில் பட்டால் தயங்காமல் பேசுங்கள். கதை கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டார்கள். மண்ணைக் கிள்ளி எடுத்துவருவது, துருத் துண்டைப் பையில் போடுவது வேண்டாம்.

மூலையில் ஆட்டம் இல்லாத நேரம் தெருவிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம். நடந்து போகும் தூரத்தில் மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம். முப்பது வருடம் பாழடைந்து கிடந்ததை ஃபோர்டு நிறுவனம் வாங்கிப் புதுப்பித்து 2024-ல் திறந்தது. அதையும் பார்த்துவிடுங்கள்.

வேறு மாநிலத்தில் சொந்தக்காரர்கள் இருந்தால் இரண்டு இடம். நியூ ஜெர்சியில் பேட்டர்சன் நகரத்து ஹிஞ்ச்லிஃப் ஸ்டேடியம், 1932-ல் கட்டியது. இதுவும் நீக்ரோ லீக் மைதானம்தான். இருபத்தைந்து வருடம் காடாகக் கிடந்து 2023-ல் மறுபடி திறந்தது. ஒட்டியே பெரிய அருவி, அதற்காகவே போகலாம். பிட்ஸ்பர்க்கில் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு போய்விட்டது, அதன் ஹோம் பிளேட்டைப் பல்கலைக்கழகக் கட்டடத் தரையில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அதன்மேல் மாணவர்கள் நடந்து போவார்கள்.

கடைசியாக ஒன்று. பேரனைக் கூட்டிக்கொண்டு போங்கள், கையில் ஒரு டென்னிஸ் பந்தும் இருக்கட்டும். ஹாம்ட்ராமிக்கில் மைதானம் திறந்திருந்தால் பிட்சர் மேட்டுக்குப் பக்கத்தில் நின்று ஹோம் பிளேட்டுக்கு ஒரு பந்து போட்டுப் பாருங்கள். தூரம் 60 அடி 6 அங்குலம். நம் பிட்சைவிட ஐந்தரை அடி குறைவுதான், ஆனால் தரையில் குத்தாமல் போய்ச் சேர வேண்டும். எனக்கு முதல் மூன்று பந்தும் குத்தித்தான் போயின.